வரி பூஜ்யம், கைரேகை கட்டாயம்: அமெரிக்காவின் சைலன்சர் சண்டை

சைலன்சர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பைக்கின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்தான். புல்லட்காரர்கள் சிலர் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டித் தெருவையே எழுப்புவார்கள், போலீஸ் பிடித்தால் அபராதம், அதோடு கதை முடிந்தது. அமெரிக்காவில் அதே பெயருள்ள இன்னொரு குழாய் இருக்கிறது, துப்பாக்கி முனையில் திருகி மாட்டுவது. அதை வைத்துத் தொண்ணூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு சட்டச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் அது விசித்திரமான ஒரு கட்டத்துக்கு வந்திருக்கிறது. அந்தக் குழாயை வாங்குவதற்கு மத்திய அரசுக்குக் கட்ட வேண்டிய வரி இப்போது பூஜ்யம் டாலர். ஆனால் அந்தப் பூஜ்யத்தைக் கட்டுவதற்குக் கைரேகை கொடுக்க வேண்டும், போட்டோ கொடுக்க வேண்டும், விண்ணப்பம் போட்டுவிட்டு அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும், மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பதிவு இல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால் பத்து வருஷம் வரை சிறை.

இல்லாத வரிக்கு எதற்கு இவ்வளவு பெரிய பதிவேடு என்று கேட்டுத்தான் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். வேடிக்கையாகத் தெரிந்தாலும், அந்தக் கேள்வி அமெரிக்க மத்திய அரசின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற அடித்தளத்தையே தொடுகிறது.

முதலில் குழாயின் கதை. பைக் குழாய்க்கும் துப்பாக்கிக் குழாய்க்கும் ஒரே பெயர் இருப்பது தற்செயல் இல்லை. ஹைரம் பெர்சி மாக்ஸிம் என்பவர் கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் இருந்த இன்ஜினியர். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்ஸிமின் மகன். அப்பா உலகத்தின் மிகப் பெரிய சத்தத்தைக் கண்டுபிடித்தார், மகன் அதை அடக்கக் கிளம்பினார் என்று சொல்லலாம். மோட்டார் வண்டிகளின் ஆரம்ப காலத்திலேயே அவற்றில் வேலை செய்தவர் அவர். இன்ஜினிலிருந்து வரும் புகையும் சரி, துப்பாக்கியிலிருந்து வரும் வாயுவும் சரி, அழுத்தத்தோடு சட்டென்று வெளியே பீறிடுவதால்தான் அந்தச் சத்தம். அந்த வாயுவை ஒரு குழாய்க்குள் தடுப்புகள் வைத்துச் சுழலவிட்டு, கொஞ்சம் ஆறவைத்து, மெதுவாக வெளியே விட்டால் சத்தம் குறையும். 1909-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்கூட தன் வேட்டைத் துப்பாக்கியில் மாக்ஸிமின் குழாயை மாட்டியிருந்தார். அந்தக் காலத்தில் அது ரகசியக் கொலைகாரனின் சாமான் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யாமல் தோட்டத்தில் குறிபார்த்துச் சுட்டுப் பழக ஒரு நாகரிகமான உபகரணம், விலையும் சில டாலர்தான். பின்னால் வரப்போகும் 1934-ன் சட்டத்தில் 'மஃப்ளர் அல்லது சைலன்சர்' என்றே எழுதியிருக்கிறது. (இந்த மாக்ஸிம்தான் 1914-ல் அமெரிக்க ஹாம் ரேடியோக்காரர்களின் சங்கத்தையும் தொடங்கியவர். ஓயாமல் ஏதாவது செய்துகொண்டே இருந்த ஆள்.)

இப்போது விற்பவர்கள் சைலன்சர் என்று சொல்லாமல் 'சப்ரஸர்' என்று சொல்லவே விரும்புகிறார்கள். சத்தத்தை இல்லாமல் ஆக்குவதில்லை, அடக்குகிறது, அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். கடைகளில் பேச்சுவழக்கில் 'கேன்'. சினிமாவில் வருகிற மாதிரி 'புஸ்' என்று ஊதும் சத்தம் நிஜத்தில் வருவதில்லை. ஏ.ஆர்.-15 போன்ற ரைஃபிள் சுட்டால் சுமார் 165 டெசிபல். நல்ல குழாய் மாட்டினால் அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறையும், அதாவது 130-க்கு மேலேயே நிற்கும். அதோடு ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தம் தனியாக இருக்கிறது, அதைக் குழாயால் ஒன்றும் செய்ய முடியாது. காது உடனடியாகப் பழுதாகும் எல்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவது 140 டெசிபல். அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பதைக் கீழே கொண்டுவருகிறது என்பதுதான் இந்தக் குழாயின் நியாயமான பெருமை. சின்னக் கைத்துப்பாக்கி, வேகம் குறைந்த தோட்டா என்று சேர்க்கை மாறினால் சத்தம் இன்னும் நன்றாகவே குறையும், அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு தரப்புமே தங்களுக்குச் சாதகமான துப்பாக்கியை உதாரணமாக எடுத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

சரி, வரி எங்கிருந்து வந்தது?

1929 காதலர் தினத்தன்று சிகாகோவில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். மதுவிலக்குக் கால கும்பல்கள் தாம்சன் இயந்திரத் துப்பாக்கியோடு திரிந்தன. 1933 பிப்ரவரியில், பதவியேற்க இன்னும் சில வாரமே இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை மயாமியில் ஒருவன் சுட்டான். அவர் தப்பினார், பக்கத்தில் இருந்த சிகாகோ மேயர் ஆன்டன் செர்மாக் செத்துப்போனார். ஏதாவது செய்தாக வேண்டிய நிலை. ஆனால் மத்திய அரசு 'இயந்திரத் துப்பாக்கி கூடாது' என்று நேரடியாகச் சட்டம் போட முடியுமா என்பதில் சந்தேகம் இருந்தது, ஏனென்றால் அமெரிக்காவில் குற்றம், ஒழுங்கு எல்லாம் அடிப்படையில் மாநிலங்களின் விஷயம். மத்திய அரசுக்கு அரசியல் சாசனம் எழுதிக் கொடுத்த அதிகாரங்கள் மட்டும்தான். அந்தப் பட்டியலில் தெளிவாக இருந்த ஒன்று வரி போடுவது.

அட்டர்னி ஜெனரல் ஹோமர் கம்மிங்ஸ், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு முன்னால் இதை ஒளிக்காமலேயே சொன்னார்: யாருமே இயந்திரத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று தடை போட்டால் அரசியல் சாசனக் கேள்வி எழலாம், வரி போடுகிறோம் என்றால் பிரச்சினை இல்லை. போதை மருந்துகளுக்கு 1914-லேயே இதே வழியில் சட்டம் போட்டிருந்தார்கள். அல் கபோனை 1931-ல் உள்ளே தள்ளியதும் கொலைக்காக இல்லை, வருமான வரிக்காகத்தான். வரி என்பது அந்தக் காலத்து மத்திய அரசின் கையில் இருந்த ஒரே நல்ல தடி.

அப்படிப் பிறந்ததுதான் 1934 ஜூன் 26 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட தேசியத் துப்பாக்கிச் சட்டம். இயந்திரத் துப்பாக்கி, குழல் குறுகிய ரைஃபிள், குழல் குறுகிய ஷாட்கன், சைலன்சர் இவற்றைச் செய்தாலோ கைமாற்றினாலோ 200 டாலர் வரி, கூடவே பதிவு. அந்தக் காலத்தில் புதுக் காரே 500, 600 டாலருக்குக் கிடைத்தது. இன்றைய மதிப்பில் 200 டாலர் என்பது 4,500 டாலருக்கும் மேல். சில டாலர் விலையுள்ள சைலன்சருக்கு 200 டாலர் வரி என்றால் வருமானத்துக்காகப் போட்ட வரியா அது? யாரும் வாங்கக் கூடாது என்பதற்காகவே போட்ட வரி.

இதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்று. முதல் வரைவில் சாதாரணக் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. உண்மையில் முக்கியக் குறியே அவைதான். குறுகிய குழல் ரைஃபிளைச் சேர்த்ததற்குக் காரணம், கைத்துப்பாக்கிக்கு வரி போட்டால் ஆட்கள் ரைஃபிளை அறுத்துக் கைத்துப்பாக்கி ஆக்கிவிடுவார்கள் என்பது. எதிர்ப்பு கிளம்பியதும் கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஓட்டையை அடைக்கப் போட்ட பிரிவை எடுக்க மறந்தார்களோ, எடுக்க மனசில்லையோ, அது அப்படியே நின்றுவிட்டது. கதவைக் கழற்றிக்கொண்டு போன பிறகும் தாழ்ப்பாள் தொங்குகிற மாதிரி. சைலன்சர் ஏன் சேர்ந்தது என்பதற்கோ, விசாரணைப் பதிவுகளில் பேருக்குக்கூட ஒரு நல்ல விவாதம் இல்லை. தொண்ணூறு வருஷமாகக் கோர்ட்டில் இருக்கும் ஒரு விதியை, போட்டவர்கள் சில நிமிஷம்கூட உட்கார்ந்து பேசவில்லை.

இது வரியா, வரி வேஷம் போட்ட தடையா என்ற கேள்வி 1937-லேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சோன்சின்ஸ்கி வழக்கு. வியாபாரிகள் ஆண்டுக்கு 200 டாலர் கட்ட வேண்டும் என்ற பிரிவை எதிர்த்து வந்தது. கோர்ட் ஒருமனதாகச் சொன்னது: எந்த வரியும் ஓரளவுக்கு ஒழுங்குமுறைதான், காங்கிரஸின் உள்நோக்கத்தைத் தோண்டிப் பார்ப்பது எங்கள் வேலை இல்லை, பார்ப்பதற்கு வரியாக இருக்கிறது, கொஞ்சமாவது பணம் வருகிறது, போதும். எவ்வளவு பணம் வந்தது என்று தீர்ப்பின் அடிக்குறிப்பிலேயே இருக்கிறது. 1934-ல் 27 வியாபாரிகள் கட்டினார்கள், 1935-ல் 22 பேர். கூட்டிப் பார்த்தால் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பத்தாயிரம் டாலர் தேறாது. அந்தச் சில்லறையின் மேல்தான் இந்தச் சட்டம் முழுவதும் நிற்கிறது, அந்த வார்த்தைகளைத்தான் இன்று வழக்குப் போட்டவர்கள் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். கொஞ்சமாவது பணம் வந்ததால் வரி என்றீர்களே, இப்போது பைசா வரவில்லையே, இப்போது இது என்ன?

அதற்கு முன் நடுவில் நடந்தது கொஞ்சம். 1968-ல் ஹேன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் பதிவுப் பகுதியை ஏறக்குறைய முடக்கியது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவனிடம் 'வந்து பதிவு செய்' என்று சொல்வது, தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லச் சொல்வது, அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்றார்கள். அதாவது பதிவு செய்யாத குற்றத்துக்கு, உண்மையான குற்றவாளியைத் தண்டிப்பதுதான் கஷ்டம் என்று ஆனது. அதே வருஷம் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. இனி பதிவு செய்ய வேண்டியது செய்பவரும் விற்பவரும்தான், கையில் ஏற்கெனவே வைத்திருப்பவர் அல்ல, பதிவில் சொன்னதை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ஒரு மாதம் பொது மன்னிப்பும் கொடுத்தார்கள். அதே 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலும் சைலன்சர் 'துப்பாக்கி' என்ற வரையறைக்குள் இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1934-ன் சட்டத்திலிருந்து நாளைக்கே எடுத்துவிட்டாலும், லைசென்ஸ் உள்ள கடையில் பின்னணிச் சோதனை முடிந்துதான் ஒருவர் சைலன்சர் வாங்க முடியும். மளிகைக் கடையில் தொங்கவிட்டு விற்கப்போகிறார்கள் என்பதுபோன்ற பேச்சு மிகை.

200 டாலர் வரியை மட்டும் யாரும் ஏற்றவே இல்லை. விலைவாசிக்கு ஏற்ப உயரும் ஏற்பாடும் கிடையாது. காங்கிரஸ் செய்யத் துணியாத வேலையைப் பணவீக்கம் செய்தது. 1934-ல் யாராலும் தொட முடியாத தொகை, ஆயிரம் டாலர் சாமானோடு சேர்த்துக் கட்டுகிற எரிச்சலாக இறங்கிவிட்டது. உண்மையான தடையாக மிஞ்சியது காத்திருப்புதான். விண்ணப்பம் போட்டால் எட்டு மாசம், பத்து மாசம், சில சமயம் ஒரு வருஷம்கூட ஆகும். காசு கொடுத்து வாங்கிய குழாய் அதுவரை கடையின் இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கும், வாங்கியவர் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். 'என்.எஃப்.ஏ. ஜெயில்' என்பார்கள் (என்.எஃப்.ஏ. என்பது 1934 சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம்). ஊர் ஷெரிஃபின் கையெழுத்து வேண்டும் என்ற விதியைச் சுற்றிப் போக, குடும்ப டிரஸ்ட் அமைத்து அதன் பேரில் வாங்குவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. 2016-ல் அந்தக் கையெழுத்தை எடுத்துவிட்டு, தகவல் மட்டும் அனுப்பினால் போதும் என்றார்கள். 2021 கடைசியில் ஆன்லைன் விண்ணப்பம் வந்தது, பிறகு காத்திருப்பு மாசங்களிலிருந்து நாட்களுக்கு இறங்கியது. 2017 தொடக்கத்தில் பதிவான சைலன்சர்கள் சுமார் 13.6 லட்சம், 2021-ல் 26 லட்சத்தைத் தாண்டிவிட்டன. 42 மாநிலங்களில் வைத்திருக்கலாம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், இல்லினாய், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய் ஆகிய எட்டில் மாநிலச் சட்டமே தடுக்கிறது.

இத்தனை லட்சம் பேர் வைத்திருக்கிற ஒரு சாமானைச் சுற்றி அரசியல் வராமல் இருக்குமா? துப்பாக்கித் தரப்பு காதுக்கு மாறியது 2015-ல். 'செவிப் பாதுகாப்புச் சட்டம்' என்று பெயர் வைத்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். சைலன்சரை 1934 சட்டத்திலிருந்தே எடுத்துவிடுவது அதன் சாரம். பெயர் வைத்தவரின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டத்தான் வேண்டும், காது பாதுகாப்புக்கு எதிராக எவன் ஓட்டுப் போடுவான்? 2016 தேர்தல் சமயத்தில் டிரம்பின் மூத்த மகன் சைலன்சர் கம்பெனி ஒன்றின் வீடியோவில் வந்து இதற்காகப் பேசினார். டிரம்ப் பதவியேற்ற 2017 ஜனவரியிலேயே, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்.-ன் உயர் அதிகாரி ரொனால்ட் டர்க் ஒரு குறிப்பு எழுதினார். சைலன்சர் குற்றங்களில் பயன்படுவது மிக அரிது, பத்து வருஷத்தில் சராசரியாக ஆண்டுக்கு 44 பேர் மீதுதான் சைலன்சர் தொடர்பாக வழக்குப் போடப் பரிந்துரைத்தோம், விதியை மறுபரிசீலனை செய்யலாம் என்று. துப்பாக்கித் தரப்புக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு துப்பாக்கிச் சூடு குறுக்கே வந்தது. 2017 ஜூன் 14 அன்று இதைப் பற்றி விசாரணை வைத்திருந்தார்கள். அன்று காலையிலேயே பேஸ்பால் பயிற்சியில் இருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர்களை ஒருவன் சுட்டான், அவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஸ்கலீஸ் உயிருக்குப் போராடினார், விசாரணை ரத்து. செப்டம்பரில் வேறொரு வேட்டைச் சட்டத்தோடு சேர்த்து மறுபடி குழு மட்டத்தைத் தாண்டியது. அக்டோபர் 1 அன்று லாஸ் வேகாஸ் இசை விழாவில் துப்பாக்கிச் சூட்டுப் படுகொலை. மசோதா அலமாரிக்குப் போனது. சுட்டவனிடம் சைலன்சர் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்களோ என்று ஹிலரி கிளின்டன் எழுத, துப்பாக்கி தெரிந்தவர்கள் அவரைக் கிண்டல் செய்ய, அதிலேயே சில வாரம் ஓடிப்போனது. 2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச்சில் அரசு அலுவலகக் கட்டடத்தில் 12 பேரைக் கொன்றவன் கைத்துப்பாக்கியில் சைலன்சர் மாட்டியிருந்தான். உள்ளே இருந்தவர்களில் சிலருக்கு அது துப்பாக்கிச் சத்தம் என்றே முதலில் புரியவில்லை. அப்போது டிரம்பே தனக்கு இந்தச் சாமான் பிடிக்கவில்லை என்றார்.

இங்கே இரண்டு பக்கத்திலும் நேர்மை கொஞ்சம் குறைவு என்பது என் எண்ணம். எண்பது வருஷம் கடும் பதிவுக்குள் இருந்த ஒரு பொருள் குற்றங்களில் அரிதாக வருகிறது என்பதை, பதிவு தேவையில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவது சரியா? அரிதாக இருப்பதே பதிவினால்தான் என்று எதிர்த்தரப்பு சொல்லலாம், சொல்கிறது. அதேபோல, ஐரோப்பாவில் நார்வேயிலும் ஃபின்லாந்திலும் வேட்டைக்காரர்கள் சைலன்சரைச் சாதாரணமாக மாட்டிக்கொள்கிறார்களே என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அங்கே துப்பாக்கி கிடைப்பதுதான் கஷ்டம், அதைத் தாண்டியவனுக்குக் குழாய் சுலபம். அமெரிக்காவில் தலைகீழ், பல மாநிலங்களில் ரைஃபிளை அரைமணியில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், குழாய்க்குத்தான் கைரேகை. இந்தப் பக்கம், கட்டுப்பாடு வேண்டும் என்பவர்கள் சைலன்சரைக் கொலைகாரனின் மாயப் பொருளாகவே சித்தரிப்பதும் சினிமா பார்த்துப் பேசுவதுதான். சுடும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் குழப்பும், தூரத்தில் இருப்பவர் சுதாரிக்கத் தாமதமாகும் என்பதே அவர்களின் வலுவான வாதம். அதை மட்டும் சொன்னாலே போதும்.

மாநிலங்களும் சும்மா இருக்கவில்லை. கான்சாஸ் 2013-ல் ஒரு சட்டம் போட்டது, மாநிலத்துக்குள்ளேயே செய்து மாநிலத்துக்குள்ளேயே இருக்கும் துப்பாக்கிச் சாமான்களை மத்தியச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று. அதை நம்பி ஒரு சின்ன ஊரில் ராணுவ உபரிச் சாமான் விற்கும் கடைக்காரர் சைலன்சர் செய்து விற்றார், ஒருவர் வாங்கினார். இருவருமே மத்தியக் கோர்ட்டில் குற்றவாளிகளானார்கள். 2018-ல் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மாநிலம் சொன்னதை நம்பினோம் என்பது எடுபடவில்லை, சைலன்சர் 'ஆயுதம்' இல்லை, துணைக்கருவிதான், ஆகவே ஆயுத உரிமை தரும் இரண்டாவது திருத்தம் அதைத் தொடாது என்றது கோர்ட். உச்ச நீதிமன்றம் 2019-ல் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது. சிறைக்குப் போகாமல் நன்னடத்தைக் காலத்தோடு இருவரும் தப்பினார்கள், சட்டம் எழுதிய அரசியல்வாதிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டெக்சாஸும் 2021-ல் அதே மாதிரி ஒன்று போட்டது. ஆனால் இந்த முறை யாரும் மாட்டிக்கொள்வதற்கு முன்பே மாநிலமே வழக்குப் போட்டது, வழக்குத் தொடுக்கத் தகுதியில்லை என்று தள்ளுபடி ஆனது.

இனி 2025. டிரம்பின் பெரிய வரி மசோதா, 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்'. பிரதிநிதிகள் சபையில் ஆரம்பத்தில் சைலன்சருக்கு 200 டாலரை நீக்குவது மட்டும்தான் இருந்தது. ஜார்ஜியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ கிளைட், சொந்தமாகவே துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர், இது போதாது, பதிவிலிருந்தும் எடு என்று நின்றார். ஒரு ஓட்டுகூட முக்கியமான நேரம். பிடிவாதம் பலித்தது, சைலன்சர் முழுவதுமாக வெளியே என்ற வாசகத்தோடு மே 22 அன்று 215-214 என்று நிறைவேறியது. செனட்டில் அதற்கும் ஒரு படி மேலே போய்க் குறுகிய ரைஃபிள்களையும் சேர்த்தார்கள்.

அங்கேதான் முட்டியது. செனட்டில் சாதாரணச் சட்டத்துக்கு நடைமுறையில் 60 ஓட்டு வேண்டும். பட்ஜெட் மசோதாவுக்கு மட்டும் பாதிக்கு மேல் போதும், ஆனால் அதில் வரவு செலவோடு சம்பந்தமில்லாததை நுழைக்கக் கூடாது. ராபர்ட் பர்ட் என்ற பழைய செனட்டர் பெயரால் இருக்கும் விதி இது. செனட்டின் விதிமுறை ஆலோசகர் எலிசபெத் மெக்டோனோ ஜூன் கடைசியில் சொன்னார்: பதிவேட்டை நீக்குவது வரவு செலவு விஷயம் இல்லை, எடுத்துவிடுங்கள்.

யோசித்துப் பாருங்கள். தொண்ணூறு வருஷமாக மத்திய அரசு கோர்ட்டில் சொல்லிக்கொண்டிருப்பது, இந்தப் பதிவேடு வரி வசூலிப்பதற்காகத்தான், வரியின் வால்தான் அது என்று. இப்போது அதே வாஷிங்டனில், உச்ச நீதிமன்றத்திலிருந்து சில நூறு அடி தள்ளி, செனட்டில் வரி வேறு பதிவேடு வேறு என்கிறார்கள். இரண்டு பதிலும் வேறு வேறு கேள்விக்குச் சொன்னவை, சட்டப்படி ஒன்றையொன்று கட்டுப்படுத்தாது. ஆனாலும் வக்கீல்களுக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்குமா?

செனட்காரர்கள் செய்தது எளிய வேலை. பதிவேட்டைத் தொடாமல் வரியை மட்டும் பூஜ்யம் ஆக்கினார்கள். சைலன்சர், குறுகிய குழல் துப்பாக்கிகள், 'மற்றவை' என்ற வகை எல்லாவற்றுக்கும் பூஜ்யம். இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகுண்டு வகையறாவுக்கும் மட்டும் பழைய 200. துணை ஜனாதிபதி வான்ஸின் ஓட்டோடு 51-50 என்று செனட்டில் தேறியது. ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார்.

அதே நாளில் டெக்சாஸின் வடக்கு மாவட்ட மத்தியக் கோர்ட்டில் முதல் வழக்கு. துப்பாக்கி உரிமை அமைப்பான கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்காவும், சைலன்சர் ஷாப் என்ற டெக்சாஸ் கம்பெனியின் அறக்கட்டளையும் முன்னணியில். இந்தக் கம்பெனியின் வியாபாரமே வாடிக்கையாளரின் கைரேகை, விண்ணப்ப வேலைகளைச் சுலபமாக்கித் தருவதில் வளர்ந்தது என்பது தனி வேடிக்கை, தன் சோற்றில் பாதியைத் தானே தள்ளிவிட வழக்குப் போட்டிருக்கிறது. ஆகஸ்டில் மிசௌரியில் இரண்டாவது வழக்கு, தேசிய ரைஃபிள் சங்கமான என்.ஆர்.ஏ., அமெரிக்கன் சப்ரஸர் அசோசியேஷன் மற்றும் வேறு சில அமைப்புகள் சேர்ந்து.

அவர்கள் வாதம் இது. சட்டம் நின்றது வரி அதிகாரத்தின் மேல். வரி பூஜ்யம். ஆகவே தரை இல்லை. இந்த வாதம் புதிதல்ல. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில், காப்பீடு எடுக்காதவருக்கான அபராதம் ஒரு வரிதான், அதனால் செல்லும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது. 2017-ல் குடியரசுக் கட்சி அந்த வரியைப் பூஜ்யம் ஆக்கியது, அப்புறம் டெக்சாஸ் தலைமையில் 'பூஜ்யம் வரி ஒரு வரியா' என்று வழக்கு. அதே வடக்கு டெக்சாஸில்தான். கீழ்க் கோர்ட்டுகளில் ஜெயித்தார்கள், 2021-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று, உங்களுக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லையே, வழக்குத் தொடுக்கவே தகுதி இல்லை என்று அனுப்பிவிட்டது. கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே. சைலன்சர் வழக்கில் அப்படித் தப்பிப்பது கஷ்டம். காப்பீடு எடுக்காவிட்டால் ஒன்றும் ஆகாது, பதிவில்லாத சைலன்சருக்குப் பத்து வருஷம். அதனால்தான் துப்பாக்கியில் ஆர்வமே இல்லாத சட்டக்காரர்களும் இதைக் கவனிக்கிறார்கள்.

அரசுத் தரப்புக்கும் பதில் இருக்கிறது, அது லேசானதல்ல. வியாபாரிகளும் தயாரிப்பாளர்களும் ஆண்டுதோறும் கட்டும் தொழில் வரி இன்னும் இருக்கிறது, ஆண்டுக்கு 500 டாலரோ 1,000 டாலரோ. சோன்சின்ஸ்கி வழக்கில் காப்பாற்றப்பட்டதே அந்த வகை வரிதான். அதோடு 1934 இல்லை இது, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கோர்ட்டுகள் அதன்பின் மிகவும் விரித்துவிட்டன. கஞ்சாவுக்கும் 1937-ல் இதே போல வரிச் சட்டம்தான் போட்டிருந்தார்கள், 1969-ல் உச்ச நீதிமன்றம் அதை உடைத்ததும் மறுவருஷமே காங்கிரஸ் நேரடித் தடைச் சட்டம் போட்டது, யாரும் வரி என்ற முகமூடியைத் தேடவில்லை. அதற்கு எதிர்த்தரப்பு, அந்த அதிகாரம் இருந்திருக்கலாம், ஆனால் இந்தச் சட்டத்தை அதை வைத்து எழுதவில்லையே என்கிறது. எனக்கு இதுதான் உண்மையான மோதல் இடமாகத் தெரிகிறது. ஒரு சட்டம் எழுதும்போது சொன்ன காரணம் செத்த பிறகு, வேறொரு காரணத்தை வாடகைக்கு எடுத்து நிற்க முடியுமா?

இன்னொரு பாதை ஆயுத உரிமை. லூசியானாவிலிருந்து வந்த பீட்டர்சன் வழக்கில் ஐந்தாவது வட்ட நீதிமன்றம் 2025 பிப்ரவரியில், சைலன்சர் ஆயுதமே இல்லை என்றது. பிறகு டிரம்ப் அரசின் நீதித்துறையே, ஆயுத உரிமை சைலன்சரையும் காக்கும்தான், ஆனாலும் பதிவு செய்யச் சொல்வது செல்லும் என்று நிலையை மாற்றியது. ஆகஸ்டில் கோர்ட் பழைய தீர்ப்பைத் திரும்பப் பெற்று வேறொன்று எழுதியது. ஆயுதம் என்றே வைத்துக்கொள்வோம், தகுதி இருந்தால் அனுமதி கட்டாயம் கிடைக்கும் வகையான முறைதானே இது, ஆகவே செல்லும். துப்பாக்கி உரிமையின் நண்பன் என்று சொல்லிக்கொள்ளும் அரசு, துப்பாக்கி அமைப்புகளுக்கு எதிராக நின்று 1934-ன் சட்டத்தைக் காக்கிறது. அந்த அமைப்புகளுக்கு இருக்கும் கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

சரி, இப்போது நடைமுறையில் என்ன? ஜனவரி 1 அன்று விண்ணப்பங்கள் வெள்ளமாக வந்து விழுந்தன. 200 டாலர் போய்விட்டதால் காத்திருந்தவர்கள் எல்லாம் ஒரே நாளில் வரிசையில் நின்றார்கள். பதிவேட்டை ஒழிக்கக் கிளம்பிய இயக்கம், அந்தப் பதிவேட்டைச் சரித்திரத்திலேயே மிக வேகமாகக் கொழுக்க வைத்திருக்கிறது.

துப்பாக்கித் தரப்பில் விவரம் தெரிந்தவர்கள் கவலைப்படுவது வேறொன்றுக்காக. பதிவேடு பட்ஜெட் விஷயம் இல்லை என்ற அதே ஆலோசகரின் கணக்கில், வரி விகிதம் பட்ஜெட் விஷயம். 51 ஓட்டில் 200-ஐப் பூஜ்யம் ஆக்க முடிந்தது என்றால், அடுத்து ஆட்சிக்கு வருபவர்கள் அதே 51 ஓட்டில் பூஜ்யத்தை 200 ஆக்கலாம், 1934-ன் மதிப்புக்குச் சமமாக 4,500-க்கு மேலேயும் ஏற்றலாம். யார் யாரிடம் சைலன்சர் இருக்கிறது என்ற பட்டியலும் அப்போது முழுசாகக் கையில் இருக்கும்.